சந்திப் பலகையில் யேனோவின் முகம்

ஜொகுடுவின் அடையாள அட்டையில் ‘தன்னார்வ அறிக்கை அலுவலர், பெண்கள் நலம்’ என்று போட்டிருக்கும். அதில் அவளுக்கு எரிச்சலூட்டுவது முதல் சொல்தான். விடிந்ததும் மிதிவண்டியை எடுத்தாளானால், லெமிரி அகதிக் குடியிருப்பின் சுகாதார நிலையங்களைச் சுற்றிவிட்டுத் திரும்புவதற்குள் புருவத்தில் செம்மண் அப்பியிருக்கும். எந்த வட்டாரத்தில் யாருக்குப் பிரசவம், யாருக்குக் கரு கலைந்தது, விறகு பொறுக்கப் போன எந்தப் பெண்ணை எவன் வழிமறித்தான், கருத்தடை ஊசி இருக்கிறதா தீர்ந்ததா, எல்லாவற்றையும் கேட்டு அவள்தான் எழுத வேண்டும். தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்தவர்கள் இதே வேலையைச் செய்தால் அதிகாரி. எல்லைக்கு அப்பால் காஜோ-கேஜியிலிருந்து போருக்குத் தப்பி ஓடிவந்த குகு இனத்துப் பெண் செய்தால் தன்னார்வலர். “ஆர்வம் இருக்கறதாலதான இதைப் பண்றே” என்று தொண்டு நிறுவன அலுவலகத்தில் ஒருத்தர் ஒருமுறை சொன்னார். “ஆமா சார், சாப்பிடறதுல எனக்கு ரொம்ப ஆர்வம்” என்றாள் ஜொகுடு.

இந்த வேலைக்கு அவளை இழுத்து வந்ததே கோபம்தான். எல்லையைத் தாண்டி வந்த புதிதில், வெள்ளைத் தார்ப்பாய்க் கூடாரங்களின் கடைசி வரிசையில், அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பிரசவித்தாள். ரத்தம் நிற்கவில்லை. வண்டி வருகிறது, வருகிறது என்றார்கள். வரவில்லை. அவளைப் புதைத்த சில நாளில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் இந்தப் பக்கம் பிரசவச் சாவு எதுவும் இல்லை, நல்ல சேதி என்று கூட வந்தவரிடம் பேசிக்கொண்டே நடந்தார். ஜொகுடு பின்னால் ஓடிப்போய் மண்மேட்டைக் காட்டினாள். இறந்தவள் பெயரைச் சொன்னாள். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் அவர். ஜூபாவில் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிவந்தவள் ஜொகுடு. ஆங்கிலம் நன்றாக எழுதுவாள். எழுத்துதானே வேண்டும், எழுதித் தொலைக்கிறேன் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

எழுதினாள். அவள் எழுதியதில் பாதியை அலுவலகத் தலைவர் துமுசிமே திருத்துவார். ‘செத்தாள்’ என்று எழுதினால் ‘சவால்கள் நிலவுகின்றன’ என்று மாறி வரும். மருந்து இல்லை என்று எழுதினால் விநியோகத்தில் சிறு தாமதம் என்று ஆகிவிடும். ஜொகுடு சண்டை போடுவாள். சிலதில் ஜெயிப்பாள், பலதில் தோற்பாள். துமுசிமே கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. நாட்டின் மேற்குப் பகுதிக்காரர், மென்மையாகப் பேசுவார், எல்லாருடைய பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். பணம் தருகிறவர்கள் முகம் சுளித்துவிடக் கூடாது என்ற ஒரே பயம்தான் அவருக்கு. அந்தப் பயம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியாது.

யேனோவை ஜொகுடுவுக்குக் காட்டியவள் மூன்றாம் வட்டாரத்து நர்ஸ் அயிகோரு. அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபது வயது இருக்கலாம். போர் துரத்த, காட்டுக்குள் ஒளிந்தபடியே நாள் கணக்கில் பிரசவ வலியில் கிடந்திருக்கிறாள். குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, அன்றிலிருந்து சிறுநீர் நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தது. புருஷன் வீட்டார் முதலில் அவளுடைய பாயை வெளியே போட்டார்கள், பிறகு அவளையும் போட்டார்கள். குழாயடிக்கு அவள் வந்தால் மற்ற பெண்கள் குடங்களை நகர்த்திக்கொள்வார்கள். அயிகோருவும் ஜொகுடுவும் அலைந்து திரிந்து, வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கும் அறுவை முகாமில் அவளுக்கு இடம் வாங்கினார்கள். ஓட்டை அடைபட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் யேனோ ஒரு காரியம் செய்தாள். மூன்றாம் வட்டாரத்துக்கே போகவில்லை. குடியிருப்பின் மறுகோடியில், அவளை யாருக்கும் தெரியாத சந்தைப் பக்கமாகக் குடிசை போட்டுக்கொண்டு மண்டாசி சுட்டு விற்க ஆரம்பித்தாள். கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்ட மாவு. எண்ணெயில் போட்டால் உப்பிக்கொண்டு வரும். காலையில் கூட்டம் மொய்த்தது. தோம்பே என்று ஒரு தச்சன் தினமும் இரண்டு வாங்கித் தின்றுவிட்டு, தேவையில்லாமல் அவளுடைய மணையை எடுத்துச் செப்பனிட்டுக் கொடுத்தான். அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு, பரிசமாக ஆடு பேச வரப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகம் ஒரு ‘வெற்றிக் கதை’ கேட்டது. எண்களை யாரும் படிப்பதில்லை, மனித முகம் வேண்டும் என்று கடிதம் வந்தது. ஜொகுடு யேனோவிடம் போய்க் கேட்டாள். மறைக்காமல் சொன்னாள்: உன் பேர் வராது, முகம் வராது, பின்னால் இருந்துதான் படம். இந்த மாதிரி இன்னும் எத்தனையோ பேர் ஒளிந்து கிடக்கிறார்கள், அவர்களுக்காக. யேனோ நெடுநேரம் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு சரி என்றாள்.

கம்பாலாவிலிருந்து படக்காரன் வந்தான். முதுகுப் பக்கமிருந்து எடுத்தான், கையை எடுத்தான், எண்ணெய்ச் சட்டியை எடுத்தான். எடுத்து முடித்துக் கருவியைத் தொங்கவிட்டபடி, இப்படிச் சுடுகிற பெண்ணைக் கட்டிக்கொள்ள நான் தயார் என்று ஆங்கிலத்தில் வேடிக்கை பேசினான். ஜொகுடு அதை மொழிபெயர்த்தாள். யேனோ அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கட்டிக்கட்டும். ஆனா அந்தக் கைக்கு மாவு பிசையத் தெரியுமான்னு கேளுக்கா” என்று சொல்லிக் கலகலவென்று சிரித்தாள். அவன் கருவியை உயர்த்தினான். ஜொகுடு சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். இது கதைக்கு இல்லை, சும்மா என் ஞாபகத்துக்கு என்றான்.

அடுத்து ஒரு காகிதத்தை நீட்டினான். யேனோ விரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

மழை தொடங்கிய சமயத்தில், சந்தைக்குப் போகும் நாற்சந்தியில் இரண்டு இரும்புக் கால் நட்டு, ஒரு லாரியின் முகப்பு அளவுக்கு ஃபிளெக்ஸ் பலகை எழும்பியது. வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர்கள் வரப்போகிறார்கள் என்று அவசர அவசரமாகச் செய்தது. ஜொகுடு மகளுக்குச் செருப்பு வாங்க வந்தவள், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். யேனோவின் முகம். வாய் நிறையச் சிரிப்பு. கீழே ஆங்கிலத்திலும் ஜூபா அரபியிலும்: ‘அன்று சிறுநீர் நாற்றத்தோடு ஒதுக்கப்பட்டேன். இன்று நான் நாலு பேர் நடுவே உட்காருகிறேன்.’ அந்த இரண்டாம் வாக்கியம் ஜொகுடு எழுதியது. யேனோ சொல்ல, அவள் எழுதியது.

சந்தை நாள். மண்டாசிக் கடையில் எண்ணெய் ஆறிக் கிடந்தது. சுட்டதெல்லாம் தட்டில் அப்படியே இருந்தது. மீன் விற்கிற ஒருத்தி உரக்கவே சொன்னாள்: “நான் ஏலக்கான்னு நெனச்சேன் புள்ள. மாவுல என்ன தண்ணி ஊத்துனாளோ யாரு கண்டா.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முந்தின நாள் வரைக்கும் வரிசையில் நின்று வாங்கித் தின்றவர்கள்தான்.

யேனோ தலையைத் தூக்கி ஜொகுடுவைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை.

“உன்ன நம்பித்தான் சிரிச்சேன்” என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு குடிசைக்குள் போய்க் கதவுப் பாயை இறக்கிவிட்டாள்.

ஜொகுடு நேராக அலுவலகத்துக்கு மிதித்தாள். வழியில் இரண்டு இடத்தில் விழப் பார்த்தாள். துமுசிமே பொறுமையாகக் கேட்டார், தேநீர் கொடுத்தார், வருத்தம்தான் என்றார். ஆனால் அந்தப் பெண் கைநாட்டு வைத்திருக்கிறாளே, முகத்துக்கும் சேர்த்துத்தான் அதில் போட்டிருக்கிறது என்றார். ஜொகுடு அந்தக் காகிதத்தை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை என்றாள். அங்கே நீயும்தானே இருந்தாய் என்றார் அவர். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. குறைந்தபட்சம் முகத்தின்மேல் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள் என்று கேட்டாள். பலகை தலைமை அலுவலகத்துச் சொத்து, அங்கேதான் கேட்க வேண்டும் என்றார். கேட்டாள். கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு மிக்க நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். விருந்தினர் வருகைக்குப் பிறகு பரிசீலிக்கப்படும் என்று வந்தது.

அதற்குள் யேனோவின் பழைய கதை மூன்றாம் வட்டாரத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்துவிட்டது, ஒட்டும் உறவுமாக நாலு பொய்யையும் கூட்டிக்கொண்டு. அவளால் குழந்தை பெற முடியாது என்றார்கள். சாபம் என்றார்கள். தோம்பே மண்டாசி தின்ன வரவில்லை. ஆடு பேச யாரும் வரவில்லை.

ஜொகுடுவுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. போஷோ என்கிற சோளக்களியைப் பிட்டு வாயில் வைத்தால் கீரைக் குழம்பு மண்ணாகத் தெரிந்தது. யார்மேல் கோபம் என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. படக்காரன்மேல். துமுசிமேயின் அந்த மென்மையான குரல்மேல். சந்தைக்காரிகள்மேல். எல்லாவற்றையும்விட, அந்த வேடிக்கைப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்த தன் நாக்கின்மேல். ‘நாலு பேர் நடுவே உட்காருகிறேன்’. நல்ல வாக்கியம் என்று எழுதும்போது தனக்குத்தானே மெச்சிக்கொண்டது வேறு நினைவுக்கு வந்து அவளை அரித்தது.

விருந்தினர் வருவதற்கு முந்தைய நாளும் சந்தை நாள்தான். பட்டப்பகலில் ஜொகுடு வீட்டிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதலில் தோம்பேயின் பட்டறைக்குப் போனாள். அவன் ஒரு கட்டில் காலை இழைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, வீட்டில் பெரியவர்கள், அம்மா ஒரு மாதிரி என்று ஏதேதோ இழுத்தான்.

“ஏணிய மட்டும் குடு. உன் வாயத் தொறக்க வேணாம்” என்றாள் ஜொகுடு.

கொடுத்தான்.

நாற்சந்தியில் ஏணியைச் சாய்த்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்துக்காரி, ஏதோ சரிசெய்ய வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். ஏணி மழைச் சேற்றில் வழுக்கியது. கூட்டத்திலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்தது. அயிகோரு. தடுப்பூசி மருந்துப் பெட்டி வாங்க வந்தவள், சீருடையோடு நின்றிருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. “சீக்கிரம் வெட்டு. எனக்கு வார்டுல ஆளு காத்திருக்கு” என்றாள்.

மேல் விளிம்பில் கத்தியை ஏற்றி ஜொகுடு இழுத்தாள். ஃபிளெக்ஸ் கிழிகிற சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்தது. அரசாங்கச் சொத்து என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் கைத்தொலைபேசியை உயர்த்தினான். ஜொகுடு ஏணி மேலிருந்தே அவனைப் பார்த்து, “எடு. என் மொகத்த நல்லா எடு. நான் எதுலயும் கைநாட்டு வெக்கல, ஆனாலும் எடு” என்றாள். அவன் கையைத் தாழ்த்திக்கொண்டான். பலகை பாதி தொங்கி, பிறகு மொத்தமாகச் சரிந்து விழுந்தது. இரண்டு பெண்கள் ஓடிவந்து, வீணாக்காதே, எங்கள் கூரை ஒழுகுகிறது, கொடு என்று கேட்டார்கள். கேட்டதில் குற்றமில்லை, மழைக்காலம். ஆனால் யேனோவின் முகம் இன்னொரு கூரையில் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க ஜொகுடு விடுவதாக இல்லை. அந்த முகத்தை மட்டும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் போட்டுவிட்டு, எழுத்து இருந்த பாகத்தை அவர்களிடம் தள்ளினாள்.

போலீஸ் சாவடியிலிருந்து ஆள் வர அதிக நேரம் ஆகவில்லை.

விருந்தினர் வந்து போன மறுநாள், குடியிருப்பு அதிகாரியின் முன்னால் விசாரணை நடந்தது. சந்திக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு மொட்டைக் கம்பங்களைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்களாம். துமுசிமே வேலை நடக்கிறது என்று சமாளித்தாராம். அந்த அவமானம் அவருடைய குரலின் மென்மையைக் கொஞ்சம் உரித்துவிட்டிருந்தது. சொத்துச் சேதம், ஒழுங்கீனம், நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் என்று அடுக்கினார்.

ஜொகுடு மறுக்கவில்லை. “கம்பம் உங்களோடது, அதுல கீறல்கூட இல்ல. துணியும் உங்களோடதுதான். அதுல இருந்த மொகம் யாரோடது சார்?” என்று மட்டும் கேட்டாள். சம்மதம் கையெழுத்தில் இருக்கிறது என்றார் துமுசிமே. அதிகாரி தலையாட்டினார். அவருக்கும் எழுத்தில் இருந்தால் போதும்.

வாசலில் சலசலப்பு. அயிகோரு உள்ளே வந்தாள். பின்னால் யேனோ. பலகை எழும்பிய நாளிலிருந்து குடிசையை விட்டு வெளியே வராதவள். கழுவித் தேய்த்த நீலச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. ஜொகுடுவின் பக்கம் திரும்பவே இல்லை.

இது நீ வைத்த கைநாட்டுதானா என்று அதிகாரி கேட்டார்.

“நான் வெச்சதுதான்” என்றாள் யேனோ. “சோளத்துக்கு வெச்சேன். சோப்புக்கு வெச்சேன். தார்ப்பாய்க்கு வெச்சேன். ஆபரேஷனுக்கு வெச்சேன். கைநாட்டு வெக்காம நீங்க எங்களுக்கு எதக் குடுத்திருக்கீங்க? நீட்டுனா வெப்போம். வெக்கலன்னா பசியோட போகணும்.”

அவள் துமுசிமேயைப் பார்த்தாள்.

“உங்க பலகைய வெட்டுனதுக்குக் கேஸ் குடுத்தீங்க. என் மொகத்துக்கு நான் யார்கிட்ட கேஸ் குடுக்கணும், சொல்லுங்க. அங்கயே போறேன்.”

அதிகாரி காகிதங்களை மூடிவைத்துவிட்டு, பிறகு கூப்பிடுகிறேன் என்று எல்லாரையும் வெளியே அனுப்பினார். வாசலில் ஜொகுடு யேனோவின் கையைப் பிடிக்கப் போனாள். யேனோ விலகிக்கொண்டாள். “உனக்காக வரல” என்றாள். அவ்வளவுதான்.

வழக்கு பதியவில்லை. சந்தியில் மறுபடி பலகை வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியதையும் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்ற இடங்களிலும் எடுத்துவிட்டோம் என்று தலைமை அலுவலகம் எழுதியது. எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பு எங்கோ ஒரு நாட்டு நாள்காட்டியில் ஒரு மாதம் முழுக்கத் தொங்கியது. தொலைபேசியில் தேடினால் இன்றைக்கும் கிடைக்கும். ஜொகுடு அவ்வப்போது தேடிப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் எழுதுவாள். ஒவ்வொரு முறையும் நன்றி வரும்.

அவளுடைய வேலைக் காலத்தை நீட்டிக்கவில்லை. தன்னார்வலரை வேலையை விட்டு நீக்க முடியாதாம். அவர்களுடைய ஆர்வத்தைத்தான் ஏற்றுக்கொள்ளாமல் விட முடியும். அவள் சந்தையில் தட்டச்சும் நகலெடுப்பும் செய்கிற கடையில் உட்கார்ந்தாள். குடியிருப்பில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் அவளிடம்தான் வரும். வரிக்கு வரி சத்தமாகப் படித்துச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் யாரையும் விரல் வைக்க விடுவதில்லை. அதற்குக் கூலி வாங்குவதில்லை, முணுமுணுப்பு மட்டும் உண்டு.

யேனோ மறுபடி அடுப்பு மூட்டினாள். முதலில் அயிகோரு வந்து வாங்கினாள், சீருடையோடு, எல்லாரும் பார்க்க. அடுத்து ஜொகுடு மகளோடு போய் மணையில் உட்கார்ந்தாள். யேனோ காசை வாங்கிக்கொண்டு மண்டாசியை வைத்தாள், பேசவில்லை. மறுநாளும் போனாள். மழை முடியும் வரை போய்க்கொண்டே இருந்தாள். பழைய கூட்டத்தில் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி வரவே இல்லை. மீன்காரி வந்து, நான் வேடிக்கைக்குச் சொன்னது புள்ள என்று பல்லை இளித்தபோது, அவளுக்கு மட்டும் கிடையாது என்று யேனோ தட்டை மூடிவிட்டாள். தோம்பே வேறொரு பெண்ணுக்கு ஆடு கொடுத்தான்.

ஒரு நாள் தூரத்து வட்டாரத்திலிருந்து ஒரு பெண் வந்து கடைக்குப் பின்னால் தயங்கி நின்றாள். இடுப்பில் துணிமேல் துணி. சந்தியில் பார்த்த அந்தச் சிரிக்கிற பெண் நீதானா என்று கேட்டாள். யேனோ சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து அயிகோருவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்தச் சேதி எப்படியோ அலுவலகத்துக்குப் போயிற்று. துமுசிமே மாற்றலாகி, புதிய தலைவி ஒருத்தி வந்திருந்தாள். நகல் கடைக்கு நேரில் வந்து ஜொகுடுவின் எதிரே உட்கார்ந்தாள். நல்ல பெண்தான், பழைய தவறுக்கு வருத்தம் சொன்னாள். ஆனாலும் பலகை ஒரு பெண்ணுக்கு உதவித்தானே இருக்கிறது என்று மெல்ல ஆரம்பித்தாள்.

“அந்தப் பொண்ணு தேடி வந்தது யேனோவ. உங்க பலகைய இல்ல” என்றாள் ஜொகுடு. “நடுவுல யேனோ பட்டது யாரு கணக்குல?”

தலைவி அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். சம்மதம் என்றால் என்ன என்பதைப் பற்றி நிறுவனம் ஒரு புத்தகம் போடுகிறது. முகத்துக்காகப் போராடிய ஒரு அகதிப் பெண்ணின் கதையாக ஜொகுடுவைப் பற்றி எழுத வேண்டும். ஒரே ஒரு படம், கடை வாசலில் நின்றால் போதும். எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துக் காட்டுவார்கள்.

ஜொகுடு நகல் இயந்திரத்தை அணைத்தாள். வெளியே இரண்டு பேர் காகிதத்தோடு காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே வரச் சொல்லிவிட்டு, தலைவி எழுந்து அவர்களுக்கு இடம் விடுவதற்காக அவளுடைய நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள்.